அப்பாவுக்கு ஒரு வேகஸ் ரூம்

செப்டம்பர் 18, 2025, வியாழன்

தீபாவளிக்கு முந்தின வாரம் அப்பா அம்மாவோடு லாஸ் வேகஸ் என்று முடிவாகிவிட்டது. "கிராண்ட் கேன்யன் காட்டியாச்சு, அடுத்து அதுதானே" என்று கார்த்தி சொல்லிவிட்டு ஆபீஸ் போய்விட்டார். ரூம் பார்க்கிற வேலை என் தலையில். அரிசோனாவில் நாங்கள் இருக்கும் சாண்ட்லரிலிருந்து ஹூவர் அணை வழியாக ஐந்து மணி நேரம், எங்கள் குட்டிப் பெண்ணுக்காக நிறுத்தி நிறுத்திப் போனால் ஆறரை.

வேலை என்னுடையது, மேற்பார்வை அப்பாவுடையது. மதுரையில் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி லாட்ஜ் ஒன்றில் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். எந்த ஊரில் ரூம் போட்டாலும் முதலில் ரிசப்ஷனுக்குப் பின்னால் சாவி மாட்டுகிற பலகையைத்தான் பார்ப்பார். சாவி நிறையத் தொங்கினால் ரூம் நிறையக் காலி. அதற்கேற்றபடி வாடகை பேசுவார்.

"அங்க மொத்தம் எத்தனை ரூம்மா இருக்கும்?" என்றார். ஊர் முழுக்க ஏறக்குறைய ஒன்றரை லட்சம் என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்புறம் எதுக்கு இப்பவே தேடுறே? போய் இறங்கிக் கேட்டாப் போதாதா?"

செப்டம்பர் 21, ஞாயிறு

போய் இறங்கிக் கேட்டால் போதாது. முதலில் அக்டோபர் 6-ஐ ஒட்டித்தான் பார்த்தேன். வாடகை எகிறியது. அந்த வாரம் குளோபல் கேமிங் எக்ஸ்போவாம். உலகத்தில் சூதாட்ட மெஷின் செய்கிறவர்கள், விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள் எல்லோரும் வந்து இறங்குகிறார்கள். ஒரு வாரம் தள்ளி, ஞாயிற்றுக்கிழமை இறங்கிப் புதன்கிழமை கிளம்புவதாகப் போட்டதும் அதே ரூமின் வாடகை தரைக்கு வந்தது. இந்த ஊரில் வெள்ளியும் சனியும் ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு, வார நாட்கள் மாநாட்டுக்காரர்களுக்கு. மாநாடு இல்லாத வார நாள் கிடைத்தால் அதுதான் நமக்கு.

அப்புறம் அந்த 'ரிசார்ட் ஃபீ'. வைஃபை, ஜிம், லோக்கல் போன் என்று எதையாவது சொல்லி ஒரு நாளைக்கு இத்தனை டாலர் என்று போடுகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. பெரிய ஓட்டல்கள் வரிசையாக நிற்கிற ஸ்டிரிப் என்கிற சாலையில் அது 50 டாலரைச் சுற்றி நிற்கிறது. போன வருஷம் கார்த்தியின் நண்பர் ஒருவர் 39 டாலர் ரூம் என்று குதித்துக்கொண்டு புக் பண்ணினார். அதன் மேல் 45 டாலர் ஃபீ. இரண்டையும் கூட்டி அதன் மேல் 13.38 சதவீதம் வரி. பார்க்கிங் 20. ஒரு ராத்திரிக்கு 115 டாலர் ஆயிற்று.

இந்த வருஷம் மே 12 முதல் மத்திய அரசின் வர்த்தக ஆணையம் ஒரு விதி கொண்டுவந்திருக்கிறது: கட்டாயக் கட்டணம் எதுவானாலும் முதலில் காட்டுகிற விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும். அதனால் 39 என்று மயக்க முடியாது, 84 என்றே காட்டியாக வேண்டும். ஆனால் வரி தனி. பார்க்கிங்கும் தனி; கார் கொண்டுவருவது உன் இஷ்டம், அது கட்டாயமில்லையே என்கிற கணக்கு.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "செக்-அவுட் இருபத்துநாலு மணி நேரமா?" இல்லைப்பா, மத்தியானம் மூணு மணிக்கு உள்ளே, காலையில் பதினோரு மணிக்கு வெளியே. "அப்ப இருபது மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை. நாலு மணி நேரத்தை அவனே வச்சுக்கிறான்." மதுரையில் ராத்திரி இரண்டு மணிக்கு வந்து இறங்குகிறவனுக்கு மறுநாள் ராத்திரி இரண்டு மணி வரை ரூம் கொடுத்த மனிதர். அவரால் இதை ஜீரணிக்கவே முடியவில்லை.

செப்டம்பர் 24, புதன்

கொலுவுக்கு வந்தவர்கள் போன பிறகு மறுபடி உட்கார்ந்தேன். அம்மாவுக்கு வீசிங் உண்டு, சிகரெட் புகை ஆகாது. நெவாடாவில் 2006-இல் மக்கள் ஓட்டுப் போட்டுப் புகைத் தடைச் சட்டம் கொண்டுவந்தார்கள், ஆனால் கேசினோ தளத்துக்கு அதில் விலக்கு. இந்த ஊர் ஓட்டல்களில் ரிசப்ஷனிலிருந்து லிஃப்டுக்குப் போகக் கேசினோ வழியாகத்தான் போக வேண்டும். சாப்பிடப் போகவும் அதே வழி, காரை எடுக்கவும் அதே வழி. கட்டடத்தை வரைகிறபோதே அப்படித்தான் வரைகிறார்கள். பார்க் எம்ஜிஎம் மட்டும் 2020-இல் மறுபடி திறந்தபோது கேசினோ உட்பட முழுக்கப் புகையில்லாத ஓட்டலாக மாறியது. ஸ்டிரிப்பில் அதுதான் முதல்.

கேசினோவே இல்லாத ஓட்டல்களும் இருக்கின்றன. மண்டலே பே கட்டடத்தின் 35 முதல் 39 வரையுள்ள மாடிகளில் தனி வாசலோடு ஃபோர் சீசன்ஸ். எம்ஜிஎம் கிராண்டுக்குப் பின்னால் மூன்று கோபுரங்களாக சிக்னேச்சர். வால்டார்ஃப் அஸ்டோரியா. பெல்லாஜியோவுக்குப் பக்கத்தில் விடாரா. சிக்னேச்சரிலும் விடாராவிலும் ரூமுக்குள்ளேயே சின்னச் சமையல் மேடை உண்டு. அம்மா காதில் விழுந்தது அது ஒன்றுதான்.

நெட்டில் சுற்றுகிற பழைய பட்டியல்களை நம்பக் கூடாது. 'எரிமலை பார்க்க மிராஜ்' என்று இன்னும் போட்டிருக்கிறார்கள். வாசலில் செயற்கை எரிமலை வைத்திருந்த மிராஜ் ஓட்டல் 2024 ஜூலையிலேயே மூடியாயிற்று, அங்கே கிடார் வடிவத்தில் கோபுரம் வருகிறது. டிராபிகானா ஓட்டலை அதே வருஷம் அக்டோபரில் வெடி வைத்துத் தகர்த்து, பேஸ்பால் மைதானத்துக்கு இடம் விட்டுவிட்டார்கள்.

செப்டம்பர் 29, திங்கள்

சாப்பிடும்போது அப்பாவுக்கு ஹோவர்ட் ஹியூஸ் கதை சொன்னேன். 1966 நவம்பரில் அந்தக் கோடீஸ்வரர் டெசர்ட் இன் ஓட்டலின் மேல் மாடிகளில் வந்து தங்கினார். சூதாடவே இல்லை, ரூமை விட்டு வெளியே வரவும் இல்லை. டிசம்பர் கடைசி சீசன், பெரிய கை ஆட்டக்காரர்களுக்கு ரூம் வேண்டும், காலி பண்ணுங்கள் என்றது நிர்வாகம். மனிதர் காலி பண்ணவில்லை. 1967-இல் ஏறக்குறைய ஒரு கோடியே முப்பது லட்சம் டாலர் கொடுத்து ஓட்டலையே வாங்கிவிட்டார். அந்த இடத்தில்தான் இப்போது வின் ஓட்டல் நிற்கிறது.

நான் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் ஓட்டல்காரன் பக்கம் பேசினார். "கேட்டது சரிதானே? அவனுக்கு ரூம் வாடகையா பெருசு? கீழே உக்காந்து விடுற காசுதான் பெருசு. ஆடாத ஆளு மாடியப் பூரா அடைச்சுக்கிட்டு உக்காந்தா எந்த மேனேஜர் பொறுத்துக்குவான்?"

அன்றைக்கு அது சரி. இன்றைக்கு ஸ்டிரிப்பின் பெரிய ஓட்டல்களில் சூதாட்டத்தில் வருவது மொத்த வருமானத்தில் பாதிக்கும் கீழே. ரூம், சாப்பாடு, ஷோ, குடி இவற்றில்தான் மிச்சம். ரூமைக் காட்டி ஆளை இழுத்த காலம் போய், ரூமே சரக்காகிவிட்டது. ஒரு காலத்தில் பார்க்கிங் இலவசம். 2016-இல் எம்ஜிஎம் நிறுவனம் காசு வாங்க ஆரம்பித்தது, மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். எங்களைப் போல் ஆடாமல் தங்குகிற குடும்பம் இவர்களுக்கு இனி நஷ்டக் கணக்கில்லை.

அக்டோபர் 4, சனி

விடாரா. போட்டாயிற்று.

சிக்னேச்சரும் நல்ல இடம்தான். ஆனால் ஸ்டிரிப்பின் தெற்கு முனையில், அதுவும் பின்னால் தள்ளி. அம்மாவின் முழங்காலை வைத்துத்தான் கடைசி முடிவு. மேப்பில் 'பக்கத்து ஓட்டல்' என்று தெரிவதை நம்பி நடந்தால், அந்தப் பக்கத்து ஓட்டலின் வாசலைத் தொடவே இருபது நிமிஷம் ஆகும். ரோட்டைக் கடக்கப் படியேறிப் பாலம் வேறு. விடாராவிலிருந்து பெல்லாஜியோவுக்குக் கூரை போட்ட நடைபாதை உண்டு. பக்கத்திலேயே டிராம், இலவசம்.

விடாராவின் வளைந்த கண்ணாடிச் சுவர் வெயிலைக் குவித்து நீச்சல் குளத்துப் பக்கம் அடித்ததில் ஒருவருடைய பிளாஸ்டிக் பையே உருகியதாக 2010-இல் செய்தி வந்தது. பிறகு சரி செய்துவிட்டார்கள். கார்த்தி இதைப் படித்துக் காட்டினார். அம்மா அசரவில்லை. "நல்லதாப் போச்சு, ரெண்டு வத்தல் காயப்போடலாம்."

அக்டோபர் 12, ஞாயிறு

மூன்று மணிக்குள் போய்விட்டோம். ரூம் இன்னும் தயாராகவில்லை. பெட்டிகளைப் பெல் டெஸ்க்கில் கொடுத்துவிட்டு லாபியில் உட்கார்ந்தோம். ஒரு மெஷின் சத்தம் இல்லை, ஒரு புகை இல்லை. அம்மா இன்ஹேலரைக் கைப்பையிலேயே விட்டுவிட்டார். லாபியில் இருந்தவர்களில் பாதிப் பேர் குழந்தை வண்டியோடு.

ரூமுக்குள் போனதும் அப்பா செய்தது: கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார், பாத்ரூம் குழாயைத் திறந்து வெந்நீர் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று வாட்ச்சைப் பார்த்தார், கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த தீவிபத்து வழி வரைபடத்தை நின்று படித்தார், பிறகு வெளியே போய்ப் படிக்கட்டுக் கதவுவரை எத்தனை கதவு என்று எண்ணிக்கொண்டு வந்தார். பழக்க தோஷம் என்று சொல்லலாம். ஆனால் இந்த ஊரில் அதற்குக் காரணமும் உண்டு. 1980 நவம்பர் 21 காலையில் அப்போதைய எம்ஜிஎம் கிராண்டில் தீப்பிடித்து 85 பேர் செத்தார்கள். தீ கீழே, செத்தவர்களில் பெரும்பாலோர் மேல் மாடிகளில், புகையால். எரிந்த பகுதியில் ஸ்பிரிங்க்ளர் இல்லை. அதற்கப்புறம்தான் நெவாடாவில் பழைய ஓட்டல்களிலும் ஸ்பிரிங்க்ளர் போட வைத்தார்கள். அந்தக் கட்டடம் இப்போது ஹார்ஸ்ஷூ என்ற பெயரில் அதே மூலையில் நிற்கிறது. நான் சொன்னதும் அப்பா தலையை ஆட்டினார், இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று பார்க்கப் போய்விட்டார்.

ராத்திரி குட்டி ரைஸ் குக்கரில் சாதம், புளிக்காய்ச்சல், அப்பளம் மைக்ரோவேவில்.

அக்டோபர் 13, திங்கள்

காலையில் டிகாஷன் இறங்குகிற வாசனையில் எழுந்தேன். இந்த ஊரின் சாதாரண ஓட்டல் ரூம்களில் பெரும்பாலும் காபி மெஷின் வைப்பதே இல்லை. காபி வேண்டுமென்றால் கீழே இறங்கு, கேசினோவைத் தாண்டு, வரிசையில் நில். அம்மா பித்தளை ஃபில்டரோடு வந்ததால் அந்த வம்பே இல்லை.

பெல்லாஜியோவுக்கு நடந்தோம். அங்கே உள்ளே ஒரு கண்ணாடிக் கூரைத் தோட்டம் இருக்கிறது, வருஷத்துக்கு ஐந்து முறை பூ அலங்காரத்தை மாற்றுகிறார்கள், பார்க்கக் காசில்லை. அம்மா அரை மணி நேரம் நகரவில்லை. கொலு கலைத்து பத்து நாள் ஆனவருக்கு அடுத்த வருஷத்துக்கு யோசனை வந்துவிட்டது போலிருக்கிறது.

திரும்பும்போது ஒரு ஸ்லாட் மெஷின் பக்கத்தில் குட்டி நின்றுவிட்டாள். திரையில் பாண்டா குதித்துக்கொண்டிருந்தது. அம்மாவும் கூட நின்றார். கோட்டுப் போட்ட ஒரு ஆள் எங்கிருந்தோ வந்து, சிரித்துக்கொண்டே, குழந்தையோடு நடந்துகொண்டே இருங்கள் மேடம், நிற்கக் கூடாது என்றார். இருபத்தொரு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கேசினோவைக் கடந்து போகலாம், நிற்கத்தான் கூடாது. அம்மாவுக்குக் கோபம். "நான் நிக்கலாமாமா?" என்றார். நீங்கள் தாராளமாக நிற்கலாம் அம்மா, உட்காரவும் செய்யலாம், அதைத்தானே எதிர்பார்க்கிறார்கள்.

சாயங்காலம் பெல்லாஜியோ வாசலில் ஃபவுண்டன். நன்றாகத்தான் இருந்தது. அதைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று.

அக்டோபர் 14, செவ்வாய்

அப்பா கேட்டுக்கொண்டபடி ஓட்டல் பார்க்கிற நாள். பிரமிடு வடிவத்தில் இருக்கும் லக்ஸர் ஓட்டலின் லிஃப்ட் சுவரோடு சேர்ந்து சாய்வாக, 39 டிகிரியில் ஏறும் என்று கார்த்தி சொன்னதும், கேபிள் கட்டியிருக்கும் முறையைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி. வெனிஷியன் ஓட்டலின் கால்வாயில் படகுக்காரர் பாடியதை அப்பா கவனிக்கவே இல்லை. துணி ஏற்றிய வண்டி எந்தக் கதவு வழியாகப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு டியூஸ் பஸ்ஸில் டவுன்டவுன், ஃப்ரீமான்ட் தெரு. அங்கே சர்க்கா ஓட்டலில் இருபத்தொரு வயதுக்குக் கீழே உள்ளே விடுவதே இல்லை, குழந்தை இருப்பவர்கள் விட்டுவிட வேண்டியதுதான். தெருமுனையில் கோல்டன் கேட். 1906-இல் ஓட்டல் நெவாடா என்ற பெயரில் ஒரு நாளைக்கு ஒரு டாலர் வாடகையில் ஆரம்பித்த இடம், ஊரிலேயே பழைய ஓட்டல். இன்றைக்கும் நூற்றுச் சொச்சம் ரூம்தான். வெளியே நின்று மாடி ஜன்னல்களை எண்ணிவிட்டு அப்பா சொன்னார்: "இது லாட்ஜ். இதை ஒரு ஆளு பாத்துக்கலாம்."

அக்டோபர் 15, புதன்

காலையில் காரிடாரில் ரூம் க்ளீன் பண்ணுகிற பெண்மணியிடம் அப்பா கேட்கச் சொன்னார், ஒரு நாளைக்கு எத்தனை ரூம் என்று. அந்தம்மா சிரித்துக்கொண்டே, ஆட்கள் தங்குகிற ரூமா, காலி பண்ணின ரூமா என்று திருப்பிக் கேட்டார். "சரியான கேள்வி" என்றார் அப்பா. காலி பண்ணின ரூமுக்கு இரண்டு மடங்கு வேலை. இங்கே இவர்களுக்குச் சங்கம் பலமாக இருக்கிறது, கலினரி யூனியன் லோக்கல் 226, ஏறக்குறைய 60,000 பேர். அப்பா காலத்து ரூம் பையன்களுக்கு அப்படி எதுவும் இல்லை. தலையணை மேல் டிப்ஸ் வைத்தது அப்பாதான், எவ்வளவு என்று எங்களிடம் சொல்லவில்லை.

பில்லை வரிவரியாகப் படித்தார். வாடகை, ரிசார்ட் ஃபீ, இரண்டுக்கும் வரி, கார். புக் பண்ணும்போது எழுதி வைத்த தொகையோடு ஒத்துப்போனது. "சரியா இருக்கு" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கிங்மன் தாண்டும்போது கார்த்தியின் அண்ணி போன். டிசம்பரில் அவர்கள் குடும்பம் வருகிறதாம், காலேஜ் படிக்கிற பையன்கள் இரண்டு பேர், வேகஸில் எங்கே தங்கலாம் என்று கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் அப்பா பின்சீட்டிலிருந்து, "எந்தக் கிழமைன்னு கேளு. அந்த வாரம் அங்க என்ன மாநாடுன்னு பாக்கச் சொல்லு. கார்லயா ஃப்ளைட்லயா? வீட்ல யாருக்காச்சும் புகை ஆகாதா? இதெல்லாம் தெரியாம ஓட்டல் பேரை மட்டும் சொல்லாதே" என்றார். அண்ணி ஜனவரி முதல் வாரத்துக்குத் தள்ளலாமா என்று கேட்டார்கள். ஜனவரி முதல் வாரத்தில் சிஇஎஸ் எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சி, அப்போது கிட்டேயே போகாதீர்கள் அண்ணி என்றேன்.