அறுந்த செருப்பு

ஜூன் 2, ஞாயிறு

வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக்கின் 'மேகே டாக்கா தாரா' (1960) படத்தை மறுபடி பார்த்தேன். பிரிவினைக்குப் பிறகு கல்கத்தா ஓரத்துக் காலனியில் குடியேறிய அகதிக் குடும்பம். பெரிய பெண் நீதாவின் சம்பாத்தியத்தில்தான் வீடு ஓடுகிறது. ஆரம்பத்திலேயே நடந்து வருகிற வழியில் அவள் செருப்பு அறுந்துவிடுகிறது. கையில் காசு வந்ததும் தங்கைக்குப் புடவை வேண்டும், தம்பிக்குக் கால்பந்து ஷூ வேண்டும், அண்ணனுக்கு ஷேவ் பண்ணக் காசு வேண்டும். எல்லோருக்கும் சிரித்துக்கொண்டே கொடுக்கிறாள்.

கல்லூரியில் பார்த்தபோது தேம்பித் தேம்பி அழுதேன். இன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. வாங்கிக்கொள்கிற ஒருவர்கூட அவள் காலைக் குனிந்து பார்ப்பதில்லை.

ஜூன் 3, திங்கள்

பஸ்ஸில் முழுக்க அந்தச் சவுக்குச் சத்தம்தான் காதில். தான் காதலிக்கும் சனத்தின் அறையில் இன்னொரு பெண் இருப்பது தெரிந்து நீதா படியிறங்குவாள். பின்னணியில் சவுக்கு சுழன்று விழும். அங்கே அவளை அடிப்பவர் என்று யாரும் இல்லை. அந்தப் பெண் யாரென்றால், புடவை கேட்ட தங்கை.

என்னைப் பொறுத்தவரை படத்தின் நிஜமான பயங்கரம் அம்மாதான். நீதா கல்யாணமாகிப் போய்விட்டால் உலை வைக்க வழியில்லை. அதனால் தங்கையும் சனத்தும் நெருங்குவதைக் கண்டும் காணாமல் இருக்கிறாள். அவளை வில்லி என்று திட்டவும் மனசு வரவில்லை. அரிசி விலை அவளுக்குத்தானே தெரியும்.

ஜூன் 6, வியாழன்

நம் ஊர் கவிதா நினைவுக்கு வந்தாள். பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974) படத்தில் நடிகை சுஜாதா செய்த வேடம். அவளும் குடும்பத்தைத் தூக்கிச் சுமக்கிறவள். தன்னைக் காதலித்தவனை விதவைத் தங்கைக்கு விட்டுக்கொடுக்கிறவள். ஆனால் கவிதா சும்மா கொடுக்க மாட்டாள், சொல்லிக் காட்டுவாள். அந்த நாக்கு எனக்குப் பிடிக்கும். கொடுத்ததற்குக் கணக்கு இருக்கிறது என்று வீட்டுக்கு ஞாபகப்படுத்துகிற நாக்கு. பார்க்கிற நமக்கோ அவள் கடைசிவரை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் கைக்குட்டை நனையும்.

'பாபெத்தின் விருந்து' (1987) என்கிற டேனிஷ் படம் வேறு ரகம். லாட்டரியில் விழுந்த 10,000 பிராங்கையும் ஒரே ராத்திரிச் சாப்பாட்டில் செலவழித்துவிடுகிறாள் அந்தச் சமையல்காரி. எங்களுக்காகவா இப்படி என்று எஜமானிகள் பதறும்போது, உங்களுக்காக மட்டும் இல்லை என்கிறாள். தன் கைப்பக்குவத்தை முழுசாகக் காட்ட ஒரு ராத்திரி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நீதாவும் படித்துக்கொண்டிருந்தவள்தான். அந்தப் படிப்பை வீட்டுக்காக நிறுத்தினாள்.

ஜூன் 9, ஞாயிறு

பெரியம்மாவிடம் போனில் கதை சொன்னேன். இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தவர். இரண்டாவது தங்கை என் அம்மா. நீங்களும் எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தீர்களே, சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டேன்.

"இருந்துதுடி. சம்பள நாளன்னைக்குத்தான் வீட்டுல எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க."

அப்புறம் தனக்கென்று வாங்கிய முதல் பொருளைப் பற்றிச் சொன்னார். ஒரு எச்.எம்.டி. வாட்ச். ஆபீஸ் போனதும் கட்டிக்கொள்வாராம். சாயந்திரம் தெருமுனை வந்ததும் கழற்றி, காலி டிபன் பாக்ஸுக்குள் போட்டு மூடிவிடுவாராம்.