அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் மருந்துச் செலவு

சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை என்றால் உற்றார் உறவினர் எப்படியாவது பணம் புரட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் பொருத்திய சிறுநீரகம் வேலை செய்யும் காலம் முழுவதும் வாங்க வேண்டிய, உடல் அதை நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட் போன்ற மருந்துகளுக்காக மாதந்தோறும் அவர்கள் வாசலில் போய் நிற்க முடியாது. என் தம்பிக்காக அலைந்து தெரிந்துகொண்டவற்றைத் தமிழ்நாட்டில் இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், அறுவைச் சிகிச்சைக்கு மட்டும்தான் பணம் கிடைக்குமா, பிந்தைய மருந்துக்கும் கிடைக்குமா, கிடைத்தால் எத்தனை மாதங்களுக்கு என்பதை வீடு திரும்பும் முன்பே மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுவிட வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, ஒன்றிய அரசின் தேசிய உறுப்பு மாற்றுத் திட்டத்தில் இம்மருந்துகளுக்கென மாதம் 10,000 ரூபாய் வரை உதவ இடமிருக்கிறது. பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஏற்கெனவே செலவழித்த பணத்தை அது திருப்பித் தராது.

விலை குறைந்த வேறு நிறுவனத்தின் மருந்துக்கு மாறலாமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. மாறலாம், ஆனால் மருந்துக்கடைக்காரர் சொல்லி அல்ல. டாக்ரோலிமஸின் அளவு இரத்தத்தில் சற்றே குறைந்தாலும் உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கக்கூடும், கூடினால் அதே சிறுநீரகத்துக்கு நஞ்சாகிவிடும் என்பதால், மருத்துவரைக் கேட்டு மாறி, சில நாள்களில் காலை வேளை மருந்தை விழுங்குவதற்கு முன் இரத்தம் கொடுத்து லெவல் பார்த்துவிட வேண்டும். நம் ஊர் மருத்துவர்கள் சிலர் டில்டியாசெம் என்ற இரத்த அழுத்த மாத்திரையைச் சேர்த்து எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு: அது கல்லீரலில் டாக்ரோலிமஸ் சிதைவதைத் தாமதப்படுத்துவதால், குறைந்த அளவிலேயே தேவையான லெவல் கிடைத்து, செலவும் மிச்சமாகிறது. அதனால் அந்த மலிவான மாத்திரையைத் தேவையற்றது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள், நீங்களாகச் சேர்த்துக்கொள்ளவும் வேண்டாம். பணமில்லாத வாரத்தில் ஒரு வேளையை விடுவதைவிட, கைவசம் எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்வது மேல்; வெட்கப்பட்டுப் பேசாமல் இருப்பவர்களை வெளிநோயாளர் வரிசையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சம்பளக்காரர்கள் பலர் கவனிக்காத ஒன்று வருமான வரிக் கழிவு. பழைய வரி முறையில் இருப்பவர்கள், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்புக்கான சிகிச்சைச் செலவில் ஆண்டுக்கு 40,000 ரூபாய் வரையிலும், நோயாளி மூத்த குடிமகனாக இருந்தால் 1,00,000 ரூபாய் வரையிலும் கழித்துக்கொள்ளலாம். அதற்குச் சிறப்பு மருத்துவரின் மருந்துச்சீட்டு வேண்டும், காப்பீட்டில் திரும்பக் கிடைத்த தொகையை அதில் கழித்துவிடுவார்கள்.