மன்னாவுக்கு அமோனியா

நம் பள்ளி மலர்க் குழுவிலிருந்து பேசிய தம்பி, "அண்ணே, பள்ளிக்கூட நினைவு ஏதாவது எழுதுங்க, ரெண்டு பக்கம் போதும்" என்றார். பள்ளிக்கூடம் என்று நினைத்தாலே எனக்கு முதலில் மூக்கில்தான் ஏறும், அமோனியா வாடை. மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரப்பர்ப் பால் ஸ்டோர் இருந்த பக்கத்திலிருந்துதான் நம் பள்ளிக்குக் காற்று வரும். பதினொரு மணிக்குப் பால் வந்து இறங்கும் நேரமாகப் பார்த்துத்தான் நமக்கும் வாய்ப்பாடு ஒப்பிக்கும் நேரம் வரும். மூக்கைப் பொத்திக்கொண்டு பதிமூன்றாம் வாய்ப்பாடு சொன்ன தலைமுறை நாம்.

நான் எழுதப்போவது ஜெபத்தைப் பற்றி. உங்களில் பெரும்பாலோர் மாரியம்மன் திருவிழாவில் தேர் இழுத்தவர்கள். அந்தத் திருவிழாக் கூழை நானும் வரிசையில் நின்று இரண்டு தடவை வாங்கிக் குடித்தவன்தான். அதனால் உரிமையோடு எழுதுகிறேன்.

வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வீட்டில் அறை என்று ஒன்று கிடையாது. முன்னால் அஞ்சடி வராந்தா, பின்னால் அடுப்படி, நடுவில் எல்லோரும். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர், அதுவும் கூரை வரைக்கும் எட்டாது. அந்த வீட்டில் வெங்காயம் வதக்கினால் இந்த வீட்டில் பசிக்கும். மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இயேசு, ஜெபம்பண்ணும்போது உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து உன் கதவைப் பூட்டிக்கொள் என்கிறார். அம்மாவுக்கு அந்த வசனம் மனப்பாடம். பூட்டுவதற்குத்தான் கதவு இல்லை.

விடிகாலை நாலு மணிக்கு அம்மா எழுந்துவிடுவார். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போகுமுன் சோறு வடித்து, தலை விளக்கைத் துடைத்து, பால் வெட்டும் உளியைத் தீட்டி வைத்துவிட்டு, அடுப்படியில் முட்டி போடுவார். குரல் தாழ்ந்துதான் இருக்கும். ஆனாலும் பலகைக்கு அந்தப் பக்கம் கேட்கும். முதலில் இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம். அப்புறம் பேர்கள்: எங்கள் பேர், கங்காணி பேர், மேல் லயத்தில் படுத்தபடுக்கையாய்க் கிடந்த பாட்டியின் பேர், பக்கத்து வீட்டு அத்தையின் பேர், சம்சு சாராயத்துக்கு அடிமையாகிப்போன அத்தை வீட்டுக்காரரின் பேர். கடைசியில் அன்றைக்குச் செய்யவேண்டிய ஒரே ஒரு காரியம். "ஆண்டவரே, இன்னைக்குப் பாட்டிக்குக் கஞ்சி கொண்டுபோகணும். மறக்காம ஒத்தாசை பண்ணுங்க." அம்மா கடவுளுக்கு வேலை ஏவுகிறார் என்று சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் தூக்குச்சட்டியோடு மேல் லயத்துக்கு நடந்தது என்னவோ அம்மாவும் நானும்தான்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஒருநாள் அம்மாவுக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. ஐந்து மணி ஆகப்போகும் நேரம் பலகையைத் தட்டும் சத்தம். "அக்கா, இன்னைக்கு உங்க சாமியக் கூப்பிடலையா? நாங்க தூங்கிட்டோம்!" அத்தை வீட்டுக்கு அம்மாவின் ஜெபம்தான் அலாரம் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பெரட்டுக்கு ஓடுகிற ஓட்டத்திலும் அத்தை ஒரு வாய்க் கஞ்சி காய்ச்சி அம்மா பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் போனார். அத்தை வீட்டுக்காரர் கடைசிவரை குடியை விடவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் எதிரே அம்மாவைப் பார்த்துவிட்டால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். தினம் தன் பேர் அந்தப் பலகை வழியாக வருவது அவருக்கும் கேட்டிருக்குமே.

மழைக்காலம் பொல்லாதது. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக் கோட்டில் ஓடாமல் மரம் முழுக்க வழியும், பால் பிடிக்கும் மங்கில் தண்ணீர்தான் நிற்கும். வெட்டு இல்லை என்றால் அன்றைய கூலியும் இல்லை. அப்படிப்பட்ட காலையில் அம்மா அஞ்சடியில் உட்கார்ந்து மழையைப் பார்த்தபடியே, "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்பார். 'இன்று' என்ற இடத்தில் கொஞ்சம் நிற்பார். "மழைய நிறுத்தச் சொல்லிக் கேளேன்மா" என்று ஒருநாள் சொன்னேன். "அங்க நெல்லு போட்டிருக்கிறவன் மழை வேணும்னு கேட்டுக்கிட்டிருப்பான்டா. அவனும் நம்ம கெடாக்காரன்தானே" என்றார். ஜெபத்தைப் பற்றி அதற்குப் பிறகு நான் கேட்ட எந்தப் பிரசங்கமும் இதைத் தாண்டவில்லை.

இனி டீச்சர் கதை. நாலாம் வகுப்பு டீச்சரை உங்களுக்கு நினைவிருக்கும். டவுனிலிருந்து பஸ்ஸில் வருவார், குடையை ரோத்தான் பிரம்பாகவும் பயன்படுத்துவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே வகுப்பறையில் எங்களுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்துவார். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருப்போம். பாதிப் பேர் கிறிஸ்தவர்கள், மீதிப் பேர் பிஸ்கட்டுக்காக வருகிறவர்கள்.

ஒரு ஞாயிறு பைபிளில் யாத்திராகமம் 16, மன்னா பாடம். வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்களுக்கு வானத்திலிருந்து அப்பம் விழுந்தது, கொத்துமல்லி விதை மாதிரி சின்னது, வெள்ளை நிறம், தேன் போட்ட பணியாரம் மாதிரி ருசி என்று சொல்லிக்கொண்டு போனார். பணியாரம் என்றதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். விடியற்காலையில் போய்ப் பொறுக்க வேண்டும், வெயில் ஏறினால் உருகிப்போகும் என்றார். எங்களுக்கு இது கதையாகவே படவில்லை. வெள்ளையாக ஒன்று, இருட்டோடு போய் எடுக்க வேண்டும், வெயில் வந்தால் வராது. இது தினமும் நடக்கிற விஷயம்தானே? காலைக் குளிர்ச்சியில்தான் மரம் நன்றாகப் பால் விடும், வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும் என்பது தோட்டத்துப் பிள்ளைக்குப் பாலர் வகுப்பிலேயே தெரியும். மறுநாளைக்கு எடுத்து வைத்தார்கள், பூச்சி பிடித்து நாற்றம் எடுத்தது என்று டீச்சர் சொன்னபோது உறைந்துபோன ஒட்டுப்பால் மூட்டையின் வீச்சம் அங்கேயே வந்துவிட்டது எங்களுக்கு.

அப்போதுதான் அந்தக் கேள்வி. "டீச்சர், மன்னாவுல அமோனியா ஊத்தி வச்சிருந்தா கெட்டிருக்காதே?"

பால் வாளியில் கட்டிப்போகாமல் இருக்கச் சில சொட்டு அமோனியா விடுவார்கள். ஸ்டோரில் பார்மிக் ஆசிட் ஊற்றினால்தான் உறையும். பள்ளி விடுமுறையில் மங்கு துடைக்கப் போன எங்களுக்கு இந்த விஞ்ஞானம் அத்துப்படி. டீச்சர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைத் தள்ளிவிட்டுக்கொண்டு, "அமோனியா ஊத்தின பால விக்கலாம்டா. தின்ன முடியுமா?" என்றார்.

அவ்வளவுதான், பாடம் முடிந்தது. ஆறாம் நாள் மட்டும் இரட்டைப் பங்கு கிடைத்ததே, அது மறுநாள் கெடவில்லையே என்று குறுக்குக் கேள்வி கேட்கிற அளவுக்கு எங்களுக்குப் புத்தி இல்லை. பிஸ்கட் வேறு வந்துவிட்டது.

அந்த அமோனியாக் கேள்வியைக் கேட்டவன் நான்தான் என்று பல வருடம் பல சபைகளில் சாட்சி சொல்லியிருக்கிறேன். உண்மையில் கேட்டவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். அவன் பிஸ்கட் கட்சி. இந்த மலர் அவன் கைக்கும் வரும் என்று கேள்விப்பட்டேன். மன்னித்துவிடுடா.

பள்ளி முடிந்து, கோலாலம்பூர் போய், கல்யாணமாகிப் பிள்ளைகளோடு ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குக் குடிவந்த கதையெல்லாம் எல்லார் கதையும் போலத்தான், விட்டுவிடுகிறேன். இங்கே நான் சபையில் பெரிய ஆள். பொருளாளர், அப்புறம் செயலாளர். பொது ஜெபம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எழுந்தால் பத்து நிமிடத்துக்குக் குறையாது. அம்மா சொன்ன வாக்கியங்கள், ஊர்ப் போதகர் சொன்னவை எல்லாம் வரிசை மாறாமல் வரும். திங்கள் முதல் சனி வரை ஒரு வார்த்தை கிடையாது. காலையில் காரில் ஏறும்போது "ஆண்டவரே, பார்த்துக்கொள்ளும்", அதோடு சரி. எல்லாம் அமோனியா ஊற்றி வைத்த சரக்கு.

2009இல் நான் பதினோரு வருடம் வேலை பார்த்த கம்பெனி ஆட்குறைப்பு என்று ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு அனுப்பியது. மேசையில் இருந்த குடும்பப் படத்தை எடுத்துக்கொள்ளப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். வீட்டுக் கடன் பாதிகூட முடியவில்லை. அந்த ஞாயிறு ஜெபிக்கக் கூப்பிட்டபோது எழுந்து நின்றேன். முதல் வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

தூக்கம் கெட்டதால் இருட்டிலேயே விழித்துக்கொள்வேன். ஒருநாள் சும்மா பைபிளைப் புரட்டியதில் லூக்கா 11 வந்தது. அங்கேயும் அதே பரமண்டல ஜெபம்தான், ஆனால் 'இன்று' இருக்கவேண்டிய இடத்தில் 'அன்றன்றும்' என்று இருக்கிறது. எத்தனையோ தடவை படித்த பகுதி, கண்ணில் பட்டதே இல்லை. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாதத் தவணைக்குக் கேட்கவில்லை, அன்றைக்கு மட்டும் கேட்டேன். அன்று கேட்டது, யாரிடமும் எரிந்து விழாமல் சாயங்காலத்தைத் தாண்ட வேண்டும் என்பது. அதுவும் பாதிதான் பலித்தது. மனைவியைக் கேட்டால் கால்வாசி என்பார்.

அதிசயம் எதுவும் நடக்கவில்லை. நாலு மாதம் கழித்து ஒரு வேலை கிடைத்தது, பழைய சம்பளத்தில் பாதி. உடல் ஊனமுற்ற பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் பஸ் ஓட்டுவது. முதல் வாரம் வெட்கமாக இருந்தது. சபையில் யார் கேட்டாலும் "போக்குவரத்துத் துறை" என்று சொல்லிச் சமாளித்தேன். இரண்டாம் வாரம் ஒரு பையன், பேச்சு வராத பையன், இறங்கும்போது என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். அவன் அம்மா வந்துதான் விரல் விரலாக எடுத்தார். மறுநாள் காலை பஸ்ஸைக் கிளப்புமுன் அவன் பேரை வாய்விட்டுச் சொன்னேன். அதற்கு மறுநாள் பதினொரு பிள்ளைகளின் பேரையும். அப்புறம், அம்மா மாதிரியே, அன்றைக்கு ஒரு காரியம்: இன்றைக்கு இந்தப் பிள்ளையின் சக்கர நாற்காலி வாரைச் சரி பார்க்க வேண்டும், இன்றைக்கு அந்தத் தகப்பனிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும். ஓய்வு பெறும் வரை அந்த வேலையை விடவில்லை. பிற்பாடு பழைய மாதிரி அலுவலக வேலை ஒன்று வந்தது, போகவில்லை. பிழைக்கத் தெரியாதவன் என்று மச்சான் இன்னும் சொல்கிறார்.

அம்மா இருக்கிறார், ஆண்டவர் கிருபை. நம் தோட்டம் இப்போது இல்லை. மரம் நின்ற இடத்தில் வரிசை வீடுகள். கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் வந்த பிறகு அந்தப் பக்கமே வேறு ஊர் மாதிரி ஆகிவிட்டது. என் தம்பி வீட்டில் அம்மாவுக்குத் தனி அறை, பூட்டுப் போட்ட கதவோடு. 1982 புத்தாண்டோடு மலேசியக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்களே, அப்போது அம்மா, "கடிகாரத்தத் தள்ளிட்டாங்க, சேவல யாரு தள்ளுறது?" என்று கேட்டவர். அன்று முதல் புதுக் கணக்கில் நாலரைக்குத்தான் எழுகிறார். பெர்த்தும் இப்போது அதே நேரம் என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

போன வருடம் போயிருந்தேன். விடிகாலை விழிப்பு வந்து எட்டிப் பார்த்தால் அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து ஜெபிக்கிறார், முட்டி போட முடிவதில்லை. கதவு விரியத் திறந்து கிடக்கிறது. "இப்பத்தான் அறை இருக்கே, பூட்டிக்கக் கூடாதா?" என்று பிறகு கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். தலையணைப் பக்கத்தில் இருந்த கைத்தொலைபேசி அடித்தது. பழைய லயத்துப் பக்கத்து வீட்டு அத்தை. இரண்டு தெரு தள்ளி மகன் வீட்டில் இருக்கிறார், காது சரியாகக் கேட்காது என்பதால் அங்கிருந்து கத்துகிறார்.

"அக்கா, இன்னைக்கு என் முட்டி வலியச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் உன் பேரு வரல. போனை வை."