அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு

ஹாங்காங் போகும் நம் ஊர்க்காரர்கள் டிஸ்னிலேண்ட், விக்டோரியா சிகரம், துறைமுகப் படகு என்று பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். என் பட்டியலில் இருந்தவை பெரும்பாலும் கூஸ் கடைகள். வாத்தைவிடப் பெரிய, கழுத்து நீண்ட இந்தப் பறவையைக் கேண்டனீஸ் மக்கள் முழுசாகச் சூளையில் தொங்கவிட்டுச் சுடுவார்கள். அந்த ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால், விளக்கு வெளிச்சத்தில், கொக்கியில் தொங்கும். எந்தக் கடை ஒசத்தி என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். சொல்பவர் ஒவ்வொருவரும் அவ்வளவு உறுதியாகச் சொல்வார்கள்.

இந்தச் சமையலில் எனக்குப் பிடித்ததே அதன் பொறுமைதான். கூஸின் வயிற்றில் சின்னதாக ஒரு கீறல் போட்டுச் சுத்தம் செய்கிறார்கள். தோலுக்கும் சதைக்கும் நடுவே காற்றை ஊதித் தோலைப் பிரித்துவிடுகிறார்கள். அப்போதுதான் சுடும்போது அடியில் இருக்கும் கொழுப்பு உருகி வழிய இடம் கிடைக்கும், தோல் மொறுமொறுப்பாகும். வயிற்றுக்குள் உப்பு, சர்க்கரை, அன்னாசிப்பூ, ஐந்து மசாலாப் பொடி, புளித்த சோயா விழுது எல்லாம் போட்டு, பெரிய ஊசியால் குத்தி மூடுகிறார்கள். அப்புறம் கொதிக்கும் தண்ணீரைத் தோல்மேல் ஊற்றினால் தோல் சுண்டி இறுகும். அதன்மேல் மால்ட் சர்க்கரைப் பாகும் வினிகரும் கலந்து பூசி, மணிக்கணக்கில் காற்றாட உலர்த்துகிறார்கள். கடைசியில்தான் நெருப்பு. செம்மரம்போல் வரும் அந்த நிறம் பாகில் இருக்கும் சர்க்கரை தந்தது. மசாலா மொத்தமும் உள்ளே இருப்பதால் சதை தன் சாற்றிலேயே வேகிறது. பெக்கிங் வாத்தில் தோலுக்குத்தான் முதல் மரியாதை. இங்கே எலும்போடு வெட்டிய துண்டில் தோல், கொழுப்பு, சதை மூன்றும் ஒரே வாயில் வரவேண்டும்.

தேடலை நகர மையப் பகுதியான செண்ட்ரலில் தொடங்கினேன், ஏனென்றால் வெலிங்டன் தெருவில் யுங் கீ இருக்கிறது. காம் ஷுய் ஃபாய் என்பவர் 1942-ல் தெருவோரக் கடையாக ஆரம்பித்தது, 1964-ல் இந்தத் தெருவுக்கு வந்தது. இன்று பல மாடிகள் கொண்ட பெரிய உணவகம். நகரத்தின் நடுமையத்தில் இன்னும் கரி அடுப்பில் சுடும் இடங்கள் மிகக் குறைவு, அதில் இது ஒன்று. ஒரு காலத்தில் வெளிநாடு போகிறவர்கள் இங்கே கூஸைப் பெட்டியில் கட்டி வாங்கிக்கொண்டு விமானம் ஏறுவார்களாம். அதனால் ‘பறக்கும் கூஸ்’ என்றே பெயர் வந்துவிட்டது. மேசையில் வெள்ளைத் துணி, பணிவான உபசரிப்பு, சதையில் லேசான புகை வாசம். கூடவே வரும் பிளம் சாஸ் நம் மாங்காய்ப் பச்சடியைப் போல இனிப்பும் புளிப்புமாகக் கொழுப்பை வெட்டிக்கொண்டு போகிறது.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஸ்டான்லி தெருவில் யாட் லோக். 1957-ல் ஆரம்பித்த பெயர். வெள்ளைத் துணியெல்லாம் இல்லை, முன்பின் தெரியாதவரோடு மேசையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். எனக்குக் கிடைத்த இடம் வெட்டுகிறவருக்கு நேரெதிரே. அவர் கொக்கியிலிருந்து ஒரு கூஸை எடுத்ததும் முதலில் கத்தியைத் தொடவில்லை. அடைத்திருந்த ஊசியை உருவி, பறவையைச் சாய்த்து, வயிற்றுக்குள் தேங்கிய சாற்றை ஒரு கிண்ணத்தில் வடித்தார். கரும்பழுப்பாக, மேலே கொழுப்பு மிதக்க, அரைக் கிண்ணத்துக்கு மேல் வந்தது. அப்புறம்தான் வட்ட மரக்கட்டையில் வைத்துச் சதுரக் கத்தியால் டக் டக்கென்று நறுக்கினார். ஒரு துண்டிலும் தோல் சதையை விட்டுக் கழலவில்லை. அந்தச் சாற்றை ஒரு கரண்டி மேலே ஊற்றிக் கொடுத்தார். இங்கே பிரபலம், கூஸ் தொடையோடு லாய் ஃபன் என்னும் வழவழப்பான வெள்ளை அரிசி நூடுல்ஸ். நம் இடியாப்பத்தைவிடத் தடிமன், சூப்பில் மிதக்கும். தோல் சூப்பில் ஊறுவதற்குள் தொடையைச் சாப்பிட்டுவிட வேண்டும் என்று எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் சைகையிலேயே சொல்லிக்கொடுத்தார்.

பிறகு ஒரு நாள், நல்ல பெயர் வாங்கிய வேறொரு கடைக்கு இருட்டிய பிறகு போனேன். மசாலா சரியாகவே இருந்தது, சதையும் நல்ல சதை. தோல் மட்டும் ஈரத்துணிபோல் தொய்ந்து கிடந்தது. அந்தக் கூஸ் மதியத்திலிருந்து தொங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. எந்தக் கடை என்று எல்லோரும் கேட்கிறோம், எப்போது சுட்டது என்று கேட்பதில்லை. எவ்வளவு திறமையான கை சுட்டாலும், சூளையை விட்டு வெளியே வந்த நேரத்திலிருந்து தோலின் ஆயுள் குறைந்துகொண்டே போகிறது.

இப்படிப் பார்த்தால் வான் சாயில் இருக்கும் காம்ஸ் கடையின் நீண்ட வரிசைக்கும் ஓர் அர்த்தம் உண்டு. யுங் கீ நிறுவனரின் பேரன் 2014-ல் ஹென்னஸி சாலையில் ஆரம்பித்த சின்னக் கடை இது, சில மாதங்களிலேயே நல்ல உணவகங்களுக்கு மிஷலின் வழிகாட்டி நூல் தரும் நட்சத்திரத்தை வாங்கிவிட்டது. வெளியே டிராம் மணியடித்துக்கொண்டு போக, கையில் டோக்கனோடு நடைபாதையில் நின்றேன். இவ்வளவு பேர் நிற்கும் கடையில் எந்தக் கூஸும் கொக்கியில் நெடுநேரம் தொங்க முடியாது. எனக்கு வந்த தட்டில் தோல் கண்ணாடிபோல் உடைந்தது. வரிசையில் நிற்பதை நான் வெறுப்பவன், இங்கே நின்றதற்கு வருத்தமே இல்லை.

ஆனாலும் என் ஓட்டு ஷாம் செங் என்னும் கடலோரப் பகுதிக்குத்தான். மெட்ரோவின் சிவப்புப் பாதையில் கடைசி நிலையமான சுவன் வான் வரை போய், அங்கிருந்து மினிபஸ் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவே காசில் பீக் சாலை. தூரத்தில் சிங் மா தொங்குபாலம் தெரியும். 1,377 மீட்டர் நீளத்துக்கு நடுவில் ஒரு தூண்கூட இல்லாத பாலம். இங்கே முன்பு சான் மிகுவேல் பீர் ஆலை இருந்தது. இப்போது அந்த இடத்தில் வானுயர் குடியிருப்புகள். ஊர் மாறிவிட்டது, கூஸ் மட்டும் அப்படியே இருக்கிறது. யூ கீ, சான் கீ என்று கூஸுக்காகவே பெயர் பெற்ற உணவகங்கள், பெரிய பெரிய வட்ட மேசைகள், மூன்று தலைமுறையாக உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள்.

நான் போனது யூ கீக்கு. 1958-லிருந்து இருக்கிறது. கரித் தணலில் சுடுகிறார்கள், ஒரு மேசை காலியாவதற்குள் அடுத்த தட்டு கிளம்பிவிடுகிறது. பாதிக் கூஸ் சொன்னேன். தட்டு வந்தபோது தோலுக்கு அடியில் கொழுப்பு இன்னும் பொரிந்துகொண்டிருந்தது, காதை அருகில் கொண்டுபோனால் சன்னமாகச் சத்தம் கேட்டது. தோல் உடைகிறது, உருகிய கொழுப்பு நாக்கில் பரவுகிறது, அதன் பின்னாலேயே அன்னாசிப்பூ வாசத்தோடு சதை. முதல் இரண்டு துண்டுகளை பிளம் சாஸ் தொடாமலே சாப்பிட்டேன். சோயா சாஸில் புரட்டிய கூஸ் குடலும், மிளகு உப்புத் தூவிய டோஃபுவும் வாங்கினேன். குடல் வறுவல் பிடித்தவர்கள் அந்தக் குடலைத் தவறவிடக் கூடாது, அப்படி ஒரு கடிபதம்.

சொல்லி வாங்கத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கால் கூஸ் கேட்கும்போது மேல்பகுதியா கீழ்ப்பகுதியா என்று கேட்பார்கள். கீழ்ப்பகுதியில் தொடை வரும், சதை அதிகம், விலையும் அதிகம். கொடுத்து வாங்குங்கள். மேல்பகுதி நெஞ்சு, இறக்கை, எலும்பைக் கடித்துச் சுவைக்கிறவர்களுக்கானது. பன்றி சாப்பிடாதவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தக் கடைகளில் பெரும்பாலும் அதே கட்டையில், அதே கத்தியில்தான் பன்றியும் நறுக்குவார்கள்.

கூஸ்கள் பக்கத்து குவாங்டோங் மாகாணத்திலிருந்து வருகின்றன. ஹாங்காங் சந்தையில் ஒரு காலத்தில் உயிரோடு விற்றவைதான். 1997-ல் பறவைக் காய்ச்சல் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தபிறகு, கூஸையும் வாத்தையும் சந்தையில் உயிரோடு விற்பது நின்றுபோனது. பழைய ஆட்கள் இன்றும் அந்தச் சதையின் ருசியைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர்கள் சொன்ன இன்னொரு கணக்குதான் என்னைத் திரும்பக் கூப்பிடுகிறது. கூஸ் வருடத்தில் இரண்டு சமயம்தான் உச்ச ருசியில் இருக்குமாம்: இளம்புல் தின்று கொழுக்கும் சிங்மிங் என்னும் வசந்தகாலப் பண்டிகைச் சமயம், அறுவடை முடிந்து சிந்திய நெல்லைத் தின்னும் சுங் யியுங் என்னும் இலையுதிர்காலப் பண்டிகைச் சமயம். நான் போனது இரண்டிலும் சேராத குளிர்காலம். சிங்மிங் ஏப்ரல் தொடக்கத்தில் வருகிறது. டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்துவிட்டேன், இந்த முறை நேராக ஷாம் செங், அதுவும் மதியத்துக்கு முன்பே.