கோபால் கம்பைலரும் ஒரு நன்றியும்

2025 ஜூன் 9, திங்கள்

காலையிலேயே மயிலாப்பூர் சீட்டு கம்பெனி கணக்கரிடமிருந்து போன். "தம்பி, உங்க கம்பைலர் மேற்கோள் குறியை முழுங்குது."

20 வருடமாக ஓடும் புரோகிராம், கோபால் (COBOL) என்ற பழைய கணினி மொழியில் எழுதியது. அதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருவதுதான் நாங்கள் விற்கும் கம்பைலர். ரசீதின் கடைசி வரியை மட்டும் தமிழாக்கியிருக்கிறார்கள். காட்டு என்று சொல்லும் டிஸ்ப்ளே (DISPLAY) கட்டளை, அப்புறம் மேற்கோளுக்குள் 'தவணை பெற்றோம். நன்றி', அவ்வளவுதான். எங்கள் கம்பைலரோ மேற்கோள் மூடப்படவில்லை என்கிறது. மூடித்தான் இருக்கிறது, கண்ணெதிரே.

ஜூன் 10, செவ்வாய்

பிடித்துவிட்டேன். கோபாலின் பழைய வடிவத்தில் வரி 72-வது பத்தியோடு (column) சரி. அந்தக் காலத்தில் புரோகிராமைப் பதிந்த துளை அட்டைக்கு 80 பத்தி. 73 முதல் 80 வரை அடையாள எண்ணுக்கு, கம்பைலர் அந்தப் பக்கம் பார்க்காது. அந்தப் பத்தியை நாங்கள் பைட்டில், அதாவது கணினி சேமிக்கும் சிறு அலகில், எண்ணியிருக்கிறோம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து ஒரு பைட் என்பதால் வித்தியாசம் தெரியவில்லை. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 (UTF-8) முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. புள்ளிக்கும் மூன்று, கொம்புக்கும் மூன்று.

ந, ன, புள்ளி, ற, இகர விலங்கு: 'நன்றி' 15 பைட். டிஸ்ப்ளே 12-ல் ஆரம்பித்தால் 'நன்றி' 60-ல் ஆரம்பித்து 74-ல் முடிகிறது. விலங்கின் முதல் பைட் 72-ல் உள்ளே. மற்ற இரண்டும் மேற்கோளும் வெளியே. விரல் விட்டு மூன்று தடவை எண்ணினேன். திரையில் பார்த்தால் வரி பாதி தூரம்தான் போயிருக்கிறது!

"நன்றி கெட்ட கம்பைலர்" என்று சார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நங்கநல்லூரில் உட்கார்ந்துகொண்டு, சோதனைப் புரோகிராம் ஒன்றில்கூடத் தமிழ் வைக்காமல் விட்டிருக்கிறோம்.

ஜூன் 12, வியாழன்

அம்பத்தூரில் கம்பைலர் வாங்க யோசிக்கும் ஒரு பார்ட்டி. "ஜிசிசி சும்மாவே கிடைக்குதே, உங்களுக்கு எதுக்கு காசு?" நியாயமான கேள்வி. ஜிசிசி (GCC) என்பது இலவசக் கம்பைலர் தொகுப்பு; ஏப்ரலில் வந்த அதன் 15-ம் பதிப்பில் கோபாலும் சேர்ந்துவிட்டது. போன் போட்டால் எடுப்போம் என்றார் சார். யோசித்துச் சொல்கிறாராம். சரி.

வாசல் வாட்ச்மேன், "கோபால் சார் உங்க ஓனரா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 16, திங்கள்

பத்தியை எழுத்துக் குறிகளாக எண்ணும் புதிய பதிப்பை அனுப்பினோம். 'நன்றி' முழுசாக வந்தது. ஒரு மணி நேரம் நிம்மதி.

அப்புறம் போன். "தம்பி, மீனாட்சி அம்மா பேரு மீனாட்-னு வருது. பக்கத்துல ஒரு கறுப்புக் கட்டம்."

புரோகிராமில் பெயருக்கு ஒதுக்கிய இடம் பிக்சர் எக்ஸ் 20 (PIC X(20)). அது 20 பைட். 'மீனாட்சி' 24. 'மீனாட்' 18-ல் முடிந்து, 'ச'வில் இரண்டு பைட் மட்டும் தொற்றிக்கொண்டு நிற்கிறது. இது புரோகிராமில் மாற்ற வேண்டியது, கம்பைலர் தப்பு இல்லை என்று விளக்கினேன்.

"சரி தம்பி. அந்தம்மா நாளைக்கு சீட்டு எடுக்க வராங்க. இதையே நீங்க வந்து அவங்ககிட்ட சொல்லிடுங்களேன்."

காலை 10 மணிக்கு மயிலாப்பூர்.