35 மீட்டர்

"எறும்பை மட்டும் நம்பிக் கிளம்பியிருந்தா இந்தச் செடி இன்னும் ஊர் எல்லையைக்கூடத் தாண்டியிருக்காதே?"

விளக்கப் பலகையின் கடைசி மெய்ப்பைப் படித்துவிட்டு எங்கள் வழிகாட்டி கேட்டது இது. நான் எழுதியிருந்த வரி: 'பனியுகம் முடிந்ததும், எறும்புகள் சுமந்த விதைகளால் காட்டு இஞ்சி மெல்ல வடக்கே திரும்பியது.' அவர் காகித ஓரத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். அதுதான் உறுத்துகிறது. வட அமெரிக்கக் காட்டு இஞ்சியின் விதையில் கொழுப்புச் சதை ஒட்டியிருக்கும். எறும்பு அதற்காகத்தான் விதையை இழுத்துப் போகிறது, பெரும்பாலும் சில அடி தூரத்துக்கு. ஆய்வில் கண்ட அதிகபட்சமே 35 மீட்டர். இந்த வேகத்தில் 16,000 ஆண்டுகளில் செடி 10, 11 கிலோமீட்டர்தான் போயிருக்கும் என்று 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அது உண்மையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போயிருக்கிறது. ஒரு காலத்தில் பனிப்பாறை மூடிக்கிடந்த கனடா மண்ணிலும் இன்று வளர்கிறது.

"நீங்க சொல்றது சரிதான். ஆனா பலகையில இடமில்லை" என்றேன். அவர் பேசாமல் காகிதத்தை மடித்துக்கொண்டார்.

நான் சொன்னது பொய்யில்லை. மறுநாள் அச்சுக்குப் போகவேண்டும், ஒரு பத்திதான் அனுமதி. எறும்பு விதை சுமப்பதும் உண்மை. ஆனாலும் இடம் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன்?

மான் என்று எழுதியிருக்கலாம். அதே காடுகளில் வளரும் ட்ரில்லியம் என்ற பூச்செடியின் விதையும் எறும்பை நம்பியதுதான். ஆனால் மான் சாணத்திலிருந்து எடுத்த ட்ரில்லியம் விதைகள் முளைத்திருக்கின்றன. மான் வயிற்றில் ஏறினால் விதை 3 கிலோமீட்டருக்கு மேலும் போகும். காட்டு இஞ்சிக்கும் அப்படி ஏதோ ஒரு அபூர்வப் பயணம் வாய்த்திருக்க வேண்டும். இல்லையென்றால், எல்லாச் செடியும் தெற்கே ஒதுங்காமல், பனி விளிம்புக்குக் கொஞ்சம் அருகிலேயே மறைவான இடங்களில் சில தப்பியிருக்கலாம். அப்படியானால் கடக்கவேண்டிய தூரமே குறைகிறது. பீச், மேப்பிள் மரங்களின் மரபணுத் தடயம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. மரங்கள் அன்று எங்கே நின்றன என்பதற்காவது ஏரிச் சேற்றில் படிந்த மகரந்தம் சாட்சி சொல்லும். காற்றில் மகரந்தம் விடாமல் தரையோடு பூக்கும் இந்தச் செடிக்கு அந்தச் சாட்சியும் இல்லை.

இதையெல்லாம் ஒரு பத்தியில் அடக்க முடியாது என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். 'எறும்பு மட்டும் போதாது' என்பது மூன்றே சொல். அதற்கு இடம் இருந்தது. உறுதியான விடை கையில் இல்லாமல் கேள்வியை மட்டும் பலகையில் வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை, அவ்வளவுதான்.

பலகை இன்னும் அப்படியே இருக்கிறது. அவர் பார்வையாளர்களை அங்கே அழைத்துப்போய் என் வரியைப் படிக்க விடுகிறார். அப்புறம் 35 மீட்டரைக் காலடியால் அளந்து காட்டிவிட்டு, "மீதித் தூரம் எப்படிப் போயிருக்கும்?" என்று கேட்கிறார். குழந்தைகள் பறவை, வெள்ளம், மான் என்று கத்துகிறார்கள். அதைப் பார்க்கும்போது, வரி அப்படி இருந்ததும் நல்லதுதானோ என்று தோன்றும். அவர் விடுப்பில் இருக்கும் நாட்களில் அப்படித் தோன்றுவதில்லை.