கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு சிரிப்பு நாவல்: ‘டேல்ஸ் ஆஃப் த சிட்டி’யைப் படித்த விதம்

எம்.ஏ. ஆங்கிலம் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்குச் சிரிப்பு நாவல் எடுத்தால் மார்க் தேறாது என்ற பேச்சு அநேகமாக எல்லாத் துறைகளிலும் உண்டு. போர், அகதி, அடிமை முறை என்று ஏதாவது ஒன்று இருந்தால்தான் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) நிமிர்ந்து உட்காருவார் என்பார்கள். நான் அமெரிக்க எழுத்தாளர் ஆர்மிஸ்டெட் மாப்பினின் ‘டேல்ஸ் ஆஃப் த சிட்டி’யை எடுத்தேன். மார்க் நன்றாகவே வந்தது. இந்த நாவலை எடுக்கலாமா என்று கேட்கிற ஜூனியர்களுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன்.

கதை இதுதான். 1970களின் நடுப்பகுதி. கிளீவ்லாண்டைச் சேர்ந்த 25 வயது மேரி ஆன் சிங்கிள்டன் எட்டு நாள் விடுமுறைக்குச் சான் ஃபிரான்சிஸ்கோ வருகிறாள். ஐந்தாம் நாள் இரவு ப்யூனா விஸ்டா என்ற பாரில் மூன்று ஐரிஷ் காபி (விஸ்கி கலந்த காபி) உள்ளே போகிறது. விரலில் இருக்கும் மூட் ரிங் (மனநிலைக்கு ஏற்ப நிறம் மாறும் என்று சொல்லி விற்ற மோதிரம்) நீலமாகியிருக்கிறது. அம்மாவுக்குப் போன் போட்டு, இனி ஊருக்கு வரப்போவதில்லை என்று சொல்லிவிடுகிறாள். பிறகு 28, பார்பரி லேன் என்ற வீட்டில் வாடகைக்குக் குடியேறுகிறாள். வீட்டுக்கார அம்மா அன்னா மேட்ரிகல், புதிதாகக் குடிவருகிறவர்களுக்குக் கதவில் ஒரு கஞ்சா சிகரெட்டை ஒட்டி வைத்து வரவேற்கிறவர். விளம்பரக் கம்பெனியில் எழுதும் மோனா, காதலனைத் தேடிக் களைத்துப்போன மைக்கேல் டோலிவர், வக்கீல் தொழிலை விட்டுவிட்டு உணவகத்தில் சர்வராக இருக்கும் பிரையன் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். எல்லோருமே வேறு எங்கிருந்தோ தப்பித்து வந்தவர்கள்.

படிக்கும் முறையைப் பற்றி முதலில். இதை ஒரே மூச்சில் படிக்காதீர்கள். இது 1976 மே 24 முதல் ‘சான் ஃபிரான்சிஸ்கோ க்ரானிக்கிள்’ நாளிதழில் தொடராக வந்தது, புத்தகமானது 1978இல். ஒவ்வொரு அத்தியாயமும் ஏறத்தாழ ஒரு நாள் பத்தி அளவுதான், அதிலும் பெரும்பகுதி உரையாடல். வார இதழ்களைப் பிரித்து பைண்டு செய்து வைத்திருக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ‘தொடரும்’ எந்த இடத்தில் விழும் என்று கைக்கே தெரியும்; அந்தப் பழக்கம் இங்கே நேராக உதவும். ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி வரியை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். பாதிக்கு மேல் ஒரு பேச்சில், ஒரு குத்தலில் வெட்டப்பட்டிருக்கும். வர்ணனையில் முடிவது அபூர்வம். என் ப்ராஜெக்ட்டின் இரண்டாம் அத்தியாயம் முழுக்க அந்த நோட்டிலிருந்து வந்ததுதான்.

அதே நோட்டில் இன்னொரு பட்டியலும் போடுங்கள்: யாருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது. மேரி ஆன் வேலை செய்வது எட்கர் ஹால்சியனின் விளம்பரக் கம்பெனியில். சாகப்போகிறோம் என்று தெரிந்த அந்த எட்கர், வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் சந்தித்துக் காதலிப்பது மேரி ஆனின் வீட்டுக்கார அம்மாவை. எட்கரின் மருமகன் போஷாம் ஒரு வார இறுதிக்கு மேரி ஆனை வெளியூர் அழைத்துப் போகிறான். அவனுக்கு ஜான் என்ற டாக்டரோடும் உறவு. அந்த ஜான்தான் போஷாமின் மனைவிக்கு மகப்பேறு மருத்துவர், மைக்கேலுக்குக் காதலன். பட்டியல் போடாமல் இதை நினைவில் வைக்க முடியாது. போட்டுப் பார்த்தால், நமக்கு எல்லாம் தெரியும், பாத்திரங்களுக்குக் கால்வாசி கூடத் தெரியாது என்பது கண்ணில் விழும். சிரிப்பு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

தற்செயல்கள் அதிகம், அது பலவீனம் என்று எழுத எல்லோருக்கும் கை வரும். நான் அப்படி எழுதவில்லை. ஒருவரை ஒருவர் தெரிந்த சிற்றூர்களிலிருந்து, கேள்வி கேட்கும் வீடுகளிலிருந்து ஓடி வந்தவர்கள் இவர்கள். பெருநகரத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது என்ற நம்பிக்கையில்தான் வந்தார்கள். மாப்பின் அந்த நகரத்தையே ஒரு கிராமம் அளவுக்குச் சுருக்கிவிடுகிறார். வித்தியாசம், இந்தக் கிராமத்தில் யார் உறவு என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். தற்செயலை இப்படிப் படித்தால் அது கதையின் வாதமாகவே மாறிவிடும். என் கைடு முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. ஆதாரமாக மூன்று காட்சிகள் கேட்டார். நல்ல கைடு அப்படித்தான் கேட்பார்.

நீங்களும் காட்சிகளில் ஊன்றுங்கள், ‘தீம்’களில் அல்ல. சான் ஃபிரான்சிஸ்கோவின் மெரினா பகுதியில் இருக்கும் சேஃப்வே சூப்பர் மார்க்கெட் காட்சியை எடுத்துக்கொள்வோம். புதன்கிழமை இரவில் அங்கே போனால் ஆண்துணை கிடைக்கும் என்று தோழி கானி சொல்ல, மேரி ஆன் போகிறாள். அழகான ஒருவன், பெயர் ராபர்ட், பேச்சுக் கொடுக்கிறான். எல்லாம் சரியாகப் போகிறது என்று அவளும் நாமும் நம்பும்போது அவனுடைய துணை வந்து நிற்கிறான். அது மைக்கேல். பிறகு அதே மைக்கேல் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரனாகவும் உயிர்த் தோழனாகவும் ஆகிறான். இங்கே யார் கேலிக்கு ஆளாவது? மைக்கேலும் ராபர்ட்டும் அல்ல. அந்தக் காலத்து வெகுஜன நகைச்சுவையில் அவர்கள்தான் பலியாகியிருப்பார்கள். கேலிக்கு ஆளாவது மேரி ஆனின் ஊகம், அவளோடு சேர்ந்து ஊகித்த நம்முடைய ஊகம். இந்த ஒரு காட்சிக்கு நான்கு பக்கம் எழுதலாம்.

சிரிப்பு நின்றுபோகும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். வாடகைக் காசுக்காக மைக்கேல் ஒரு பாரில் உள்ளாடை நடனப் போட்டியில் ஆடி 100 டாலர் ஜெயிக்கிறான். திரும்பிப் பார்த்தால் ஜான் தன் பணக்கார நண்பர்களோடு அங்கே இருக்கிறான். இன்னொன்று, மைக்கேலின் பெற்றோர் ஃபுளோரிடாவிலிருந்து வரும் ஹாலோவீன் நாள். மகனைப் பற்றி எதுவும் தெரியாதவர்கள். ஊரே வேஷம் கட்டித் திரிகிறது. கன்னியாஸ்திரி வேஷத்தில் ஸ்கேட்டிங் போகும் ஆண்கள் இவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வேஷம் கட்டாத ஒருவன் பெற்றோர் முன்னால் வேஷம் கட்டிக்கொண்டு நிற்கிறான். விடுதலை பெற்ற நகரம் என்று தலைப்பில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

காலவரிசையில் கறாராக இருங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் ஒருபால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1973 டிசம்பரில். கலிஃபோர்னியாவில் ஒருபால் உறவைக் குற்றமாக்கிய சட்டத்தை 1975இல் ரத்து செய்தார்கள். அது நடைமுறைக்கு வந்தது 1976 ஜனவரி. தொடர் தொடங்கியது அதே வருடம் மே மாதம். அந்தச் சட்டத் திருத்தத்துக்காக மாநில செனட்டில் பாடுபட்ட ஜார்ஜ் மாஸ்கோனிதான் அப்போது நகர மேயர். தன் ஒருபால் ஈர்ப்பை வெளிப்படையாகச் சொன்ன ஹார்வி மில்க் நகரசபைத் தேர்தலில் ஜெயித்தது 1977 நவம்பர். மேயரும் அவரும் சுட்டுக்கொல்லப்பட்டது 1978 நவம்பர் 27. எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை 1981 ஜூன். ஆக முதல் புத்தகத்தில் மில்க்கின் மரணமும் இல்லை, நோயும் இல்லை. எய்ட்ஸின் நிழல் இந்த நாவலில் விழுகிறது என்று ஒரு நண்பர் தன் கட்டுரையில் எழுதியிருந்தார். எழுதப்பட்ட நாளில் அந்த நிழலே கிடையாது.

இதோடு சேர்ந்த பொறி, அடுத்த பாகங்களில் வருவதை முதல் பாகத்தில் வருவதாக எழுதுவது. மைக்கேல் அம்மாவுக்கு எழுதும் புகழ்பெற்ற கடிதம் இரண்டாம் பாகத்தில், அதாவது 1980இல் வந்த ‘மோர் டேல்ஸ் ஆஃப் த சிட்டி’யில்தான் இருக்கிறது, 1977இல் ஃபுளோரிடாவில் பாடகி அனிதா பிரையன்ட் ஒருபால் ஈர்ப்புள்ளவர்களின் உரிமைக்கு எதிராக நடத்திய பிரசாரத்துக்கான பதில் அது. மேட்ரிகல் அம்மா ஒரு திருநங்கை என்பதும் அங்கேதான் வெளிப்படுகிறது. முதல் பாகத்தில் ஜாடை மட்டும் உண்டு. 1993 டிவி தொடரையும் 2019 நெட்ஃபிளிக்ஸ் தொடரையும் பார்த்துவிட்டு எழுதினால் இந்தக் குழப்பம் நிச்சயம். பாருங்கள், ஆனால் ப்ராஜெக்ட் முடிந்த பிறகு.

முன்னுரைக்கு ஒரு சுவையான தகவல். தொடரில் ஒருபால் ஈர்ப்புள்ள பாத்திரங்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று பத்திரிகை ஆசிரியர் ஒருவர் கணக்கு வைத்திருந்ததாகவும், தாம் கதையில் வரும் கிரேட் டேன் நாயை எதிர்ப்பால் ஈர்ப்புப் பட்டியலில் சேர்த்ததாகவும் மாப்பின் சொல்லியிருக்கிறார். பதிப்பு அரசியல் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுவதை இந்த நாய் ஒன்றே செய்துவிடும்.

தியரியைப் பொறுத்தவரை குறைவே போதும். சிரிப்பு பற்றி எழுதிய பிரெஞ்சு தத்துவவாதி பெர்க்சன், பழைய தலைமுறை தடுக்க இளையவர்கள் ஜெயித்துப் புதிய சமூகம் கூடுவதுதான் நகைச்சுவை என்ற கனடிய விமர்சகர் நார்த்ராப் ஃப்ரை. ஃப்ரையின் அச்சில் வைத்தால் தடுக்கும் பெற்றோர் இங்கே பெரும்பாலும் தொலைபேசியின் மறுமுனையில் இருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பதில் ஒரு மரணத்தோடு கிறிஸ்துமஸ் வருகிறது. அச்சு பொருந்தாத இடத்தைக் காட்டுவதுதான் வேலை.

ஒப்பீடு கேட்டால் கிறிஸ்டோபர் இஷர்வுட்டின் ‘குட்பை டு பெர்லின்’ (1939). அங்கேயும் வாடகை அறைகள், வீட்டுக்கார அம்மா, கட்டவிழ்ந்த நகரம். ஆனால் அது ஹிட்லர் ஆட்சியைப் பிடித்த பிறகு திரும்பிப் பார்த்து எழுதியது. மாப்பின் நாளைக்கு என்ன என்று தெரியாமல் தினம் ஒரு பத்தியாக எழுதினார். இரண்டின் தொனியும் ஏன் வேறு என்பதற்கு இதைவிட நல்ல விடை எனக்குக் கிடைக்கவில்லை.

நாவலைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். சீன வம்சாவளி டெலிவரிப் பையன் லயனல் ஒரு கர்ப்பத்துக்குக் காரணமாக வந்து போகிறான், அவ்வளவுதான். தோல் நிறத்தை மாற்றிக் கறுப்பின மாடலாக உலவும் டொரோதியாவின் கிளைக்கதையை இன்று படிக்கும்போது நெருடுகிறது. மேல்மாடியில் குடியிருக்கும் நார்மனின் துப்பறியும் மர்மம் வேறு கதையிலிருந்து வழிதவறி வந்ததுபோல இருக்கிறது. இந்த விடுதலை யாருக்கு எட்டவில்லை என்று ஒரு பகுதி எழுதுங்கள். எக்ஸ்டர்னல் அங்கேதான் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

சில்லறை விஷயங்கள்: பார்பரி லேன் கற்பனை, ரஷ்யன் ஹில்லில் இருக்கும் மகாண்ட்ரே லேன் அதற்கு மாதிரி. ப்யூனா விஸ்டா நிஜம். மேப்பில் குறித்து பின்னிணைப்பாக வையுங்கள். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறுவதால், மேற்கோளில் அத்தியாயத் தலைப்பையும் சேருங்கள். சினாப்சிஸில் (ப்ராஜெக்ட் சுருக்கத்தில்) பொருளை ‘சமூக மாற்றம்’ என்று போர்த்தி மறைக்காதீர்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அந்தப் போர்வையைத்தான் முதலில் இழுப்பார்கள்.

வைவாவில் எனக்கு வந்த நல்ல கேள்வி: இந்த நாவலில் உண்மையிலேயே விடுதலை அடைந்தவர் யார்? யாரும் முழுசாக இல்லை என்றேன். ஊரிலேயே கட்டற்றவனாகத் தெரியும் பிரையன் தனிமையில் வாடுகிறான். எல்லோரையும் ஏற்கும் மேட்ரிகல் அம்மாவுக்கே சொல்லாத ஒன்று இருக்கிறது. வெள்ளந்தியாக வந்த மேரி ஆன் முடிவில் ஒரு மரணத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறாள். எக்ஸ்டர்னல் தலையாட்டிவிட்டு, கிளீவ்லாண்ட் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று கேட்டார். ஒஹையோ. அதையும் படித்துக்கொண்டு போங்கள்.